வேலை வந்ததும் முதலில் எங்கே போவது: மண்டிக்கா, பின்டரெஸ்டுக்கா?

கடந்த தை மாதம் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் கூப்பிட்டார். அப்பா காலத்திலிருந்து கமிஷன் கடை நடத்துபவர். விரலி மஞ்சளையும் அரைத்த தூளையும் வீடுகளுக்கு நேரடியாக விற்க ஒரு வலைத்தளம் வேண்டும், புது மஞ்சள் வரத்து சூடுபிடிப்பதற்குள் வேண்டும் என்றார். பன்னிரண்டு நாள் இருந்தது. சரியென்று சொல்லி ஃபோனை வைத்தேன். வைத்த கை, நான் சொல்லாமலேயே படங்களைத் திரட்டிக் காட்டும் பின்டரெஸ்ட் தளத்தைத் திறந்து, மஞ்சளுக்கான ஆங்கிலச் சொல்லைப் பாதி தட்டியிருந்தது.

அந்தப் பாதிச் சொல்லோடு மடிக்கணினியை மூடிவிட்டு வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். வலைத்தளம் வடிவமைக்கும் இந்தத் தொழிலுக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. செய்த வேலைகளில் எது தேறியது, எது தேறவில்லை என்று எண்ணிப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களில் இருக்கிறது. அந்த இரண்டு நாளில் கண் எங்கே போனதோ, கடைசிவரை கையும் அந்தப் பக்கமே போயிருக்கிறது.

இதை என் ஒருத்தியின் பலவீனம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். 1991இல் ஜான்சன், ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சிந்தாத காப்பிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு மாதிரிப் படம் ஒன்றைக் காட்டினார்கள். அதில் உறிஞ்சுகுழல் இருந்தது. உறிஞ்சுகுழல் கூடாது என்று குறிப்பிலேயே எழுதியும் கொடுத்தார்கள். அப்படியிருந்தும், படத்தைப் பார்த்தவர்கள் வரைந்த கோப்பைகளில் குழல் வந்து நின்றது. படத்தைப் பார்க்காதவர்களிடம் அந்த அளவுக்கு வரவில்லை. பார்த்தது தப்பு என்று தெரிந்தும் கை அதையே போடுகிறது. படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் நிறையக் கிலியாகவும் இருந்தது.

அதனால், “உங்களுக்கு ஐடியா எங்கிருந்து வருகிறது?” என்று புதிதாகத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் கேட்டால், எதை முதலில் பார்க்கப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். நம் கையில் உள்ள வழிகள் அதிகம் இல்லை. வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலையைக் காட்சிக்கு வைக்கும் தளங்கள் ஒன்று. அதே தொழிலில் உள்ள மற்றவர்களின் தளங்கள் இன்னொன்று. நேரில் போய்ப் பார்ப்பது, வாடிக்கையாளர் வாயிலிருந்து வரும் சொற்களைப் பிடிப்பது, இப்போது புதிதாக, படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவு. ஐந்தையும் நான் பயன்படுத்துகிறேன். முதல் இடத்தில் ஐந்தையும் உட்கார வைக்க மாட்டேன்.

காட்சிக்கூடங்கள்

டிரிபிள் (Dribbble) என்ற காட்சித் தளம் 2009இல் வந்தபோது, அதில் ஏற்றும் படம் 400 பிக்சல் அகலம், 300 பிக்சல் உயரம் மட்டுமே. நெருப்புப்பெட்டி மேல் ஒட்டும் படத்தைப் போல, ஒரு வேலையின் மூலையை வெட்டிக் காட்டுவதற்கான இடம் அது. இன்று படங்கள் பெரிதாகிவிட்டன, குணம் மாறவில்லை. அங்கே கைதட்டல் வாங்குவது, அந்தச் சட்டத்துக்குள் அழகாகத் தெரியும் பக்கம். அதில் ஒருவர் கால் கிலோ மஞ்சள்தூள் வாங்க முடியுமா என்பது அங்கே யாருக்கும் கவலை இல்லை. பின்டரெஸ்ட் 2010இல் வந்தது. நாம் ஒன்றைத் தொட்டால் அதன் உடன்பிறப்புகள் நாற்பதைக் கொண்டுவந்து கொட்டும். கோவையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணும் பிரேசிலில் உட்கார்ந்திருக்கும் பையனும் ஒரே நாற்பதைப் பார்க்கிறார்கள். பிறகு இருவரும் ஒரே பக்கத்தைச் செய்கிறார்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் சென்னிமலையில் ஒரு போர்வைக் கடைக்குத் தளம் செய்தேன். மூன்று முழு நாள் காட்சிக்கூடங்களில் சுற்றிவிட்டு, வடக்கு ஐரோப்பிய மரச்சாமான் கடைகளின் பாணியில் ஒரு பக்கம் போட்டேன். எங்கும் வெண்மை. ஓரத்தில் ஒரு தலையணையின் மூலை. நடுவில் மெலிந்த சாம்பல் எழுத்தில் ஒரே ஒரு வரி. ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. பிறகு தமிழை இட்டேன். ‘படுக்கை விரிப்புகள்’, ‘திரைச்சீலைகள்’, ‘மொத்த விலைக்குத் தொடர்புகொள்ள’ என்று ஒவ்வொன்றும் இருந்த இடத்தை உடைத்துக்கொண்டு அடுத்த வரிக்கு இறங்கியது. மெல்லிய கோட்டில் ‘ணு’வும் ‘ளு’வும் சுருண்டு நூல் சிக்கலாகத் தெரிந்தன. முகப்பில் இருந்த ஆங்கில வரிக்கு உயரம் கொடுத்ததே பெரிய எழுத்துகள்தான். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவினையே கிடையாது. அந்த வரி படுத்துவிட்டது.

கடைக்காரர் முன் திரையைத் திருப்பி வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். மரியாதைக்காரர். “நன்றாகத்தான் இருக்கிறதுங்க அம்மிணி. ஆனால் கடையில் சரக்கு தீர்ந்துபோன மாதிரி இருக்கிறது” என்றார்.

அவர் சொன்னது சரி. நம் ஊரில் துணிக்கடை என்றால் அடுக்கு நிறைந்திருக்க வேண்டும். வெறும் அலமாரி என்றால் கடை மூடப் போகிறது என்று பொருள். வெற்றிடம் செழிப்பைச் சொல்கிற ஊரும் உண்டு, வறுமையைச் சொல்கிற ஊரும் உண்டு. காட்சிக்கூடம் இதைச் சொல்லித் தராது. மறுபடி முதலிலிருந்து செய்தேன். அந்த மூன்று நாளுக்கு யாரும் காசு தரவில்லை, கேட்கவும் எனக்கு முகமில்லை.

இதற்காகக் காட்சிக்கூடங்களே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கைப்பேசித் திரையில் பதினெட்டு வகைச் சரக்கை எப்படி வடிகட்டிக் காட்டுவது, கூடைப் பொத்தானை எங்கே நிறுத்தினால் கட்டைவிரல் எட்டும் என்பது போன்ற சிறு சிக்கல்களுக்கு உலகத்தில் யாரோ ஒருவர் ஏற்கெனவே தீர்வு கண்டிருப்பார். கேள்வியோடு போனால் இருபது நிமிடத்தில் பதிலோடு வரலாம். கேள்வி இல்லாமல் போனால் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை கதைதான்.

அதே தொழிலில் இருப்பவர்கள்

இந்த வழியை என்னைப் போன்றவர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பது வழக்கம். ‘காப்பி அடிப்பது’ என்ற பேச்சு வந்துவிடும். ஆனால் திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவருக்குச் செய்தபோது இதுதான் என்னைக் காப்பாற்றியது. வழக்கம்போல ஆர்வத்தோடு கம்பெனிக்குப் போனேன். வட்டப் பின்னல் இயந்திரங்களின் இரைச்சல், வரிசை வரிசையாக ஓவர்லாக் தையல் இயந்திரங்கள், மூலையில் வெட்டுத்துணி மலை. படம் எடுத்தேன், குறிப்பு எழுதினேன், தலைவலியோடு திரும்பினேன். பயன்பட்டது மிகக் கொஞ்சம். காரணம் எளிது. அந்தத் தளத்தைப் பார்க்கப் போகிறவர் ஜெர்மனியிலோ டென்மார்க்கிலோ உட்கார்ந்திருக்கும் கொள்முதல் அதிகாரி. அவர் ஒரே காலையில் பத்துத் தளங்களை வரிசையாகத் திறந்து பார்க்கிறவர். அவருக்கு வேண்டியது குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை உருப்படி, மாதிரி எத்தனை நாளில் வரும், இயற்கை முறை இழைக்கான ஜி.ஓ.டி.எஸ்., தீங்கான ரசாயனம் இல்லை என்பதற்கான ஓகோ-டெக்ஸ் சான்றிதழ்கள் உண்டா, எப்போதுவரை செல்லும் என்பவை. இவை மற்ற தளங்களில் எங்கே இருக்கின்றனவோ அந்த இடத்தில்தான் அவர் கண் தேடும். அங்கே போய்ப் புதுமை செய்வது, பஸ் ஸ்டாண்டில் பெயர்ப் பலகையை பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டுவதற்குச் சமம். இருபது ஏற்றுமதித் தளங்களைப் பார்த்து, எது எங்கே என்று கட்டம் போட்டு எண்ணினேன். அந்த எண்ணிக்கைதான் டிசைன்.

நேரில் போவது

மஞ்சள் மண்டிக்கு வருகிறேன். போனது ஒரு புதன்கிழமை. கொட்டகைக்குள் நுழைந்ததும் வாசனையைவிடத் தூசுதான் முதலில் வரவேற்றது. ஃபோனை வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடம் திரையின் விளிம்பில் மஞ்சள் கோடு கட்டிவிட்டது. அது போக இரண்டு நாள் ஆயிற்று.

நான் கிளம்பும்போதே மனதில் ஒரு நிறம் இருந்தது. எல்லோர் மனதிலும் இருக்கிற நிறம்: பளிச்சென்ற மஞ்சள், பூசிக் குளித்த முகத்தின் மஞ்சள். மண்டிக்காரர் மூட்டைக்குள் கையை நுழைத்து ஒரு விரலியை எடுத்தார். வெளியே அது மண் நிறத்தில், கொஞ்சம் மெருகோடு இருந்தது.

“ஏனுங்க அம்மிணி, தோலைப் பார்த்தா மஞ்சளுக்கு விலை சொல்ல முடியும்?” என்று கேட்டுவிட்டு இரண்டாக ஒடித்தார். டக் என்று ஒரு சத்தம். நன்றாகக் காய்ந்த விரலி அப்படித்தான் ஒடியும் என்றார். ஈரம் இருந்தால் வளையும். ஒடித்த முகத்தை என் பக்கம் திருப்பினார். உள்ளே இருந்தது மஞ்சளே இல்லை. பழுத்த பப்பாளிக்கும் சுட்ட செங்கல்லுக்கும் நடுவில் ஒரு நிறம், ஓரத்தில் இன்னும் ஆழமாக ஒரு வளையம். வியாபாரிகள் பார்ப்பது அந்த முகத்தை. விலை அங்கேதான் இருக்கிறது.

இதை ரசனைக்காக மட்டும் சொல்லவில்லை, கணக்கும் இருக்கிறது. வலைத்தளத்தில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது பார்வை குறைந்தவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக உலகளவில் ஏற்ற அணுகல்தன்மை நெறி. பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். நான் மனதில் கொண்டுபோன பளிச்சென்ற மஞ்சளை வெள்ளைமேல் வைத்தால் விகிதம் 2ஐக்கூடத் தொடாது. கடைவீதி வெயிலில் நின்று ஃபோனைப் பார்ப்பவருக்கு எழுத்தே தெரியாது. அதனால்தான் மஞ்சள் சார்ந்த தளங்களில் எழுத்துக்குச் சம்பந்தமே இல்லாத பச்சையையோ பழுப்பையோ இரவல் வாங்கிவிடுகிறார்கள். ஒடித்த விரலியின் நிறத்தைப் படமெடுத்து, அதைக் கொஞ்சம் ஆழப்படுத்தி வெள்ளைமேல் வைத்தேன். 4.5. மயிரிழையில் தேறியது. தலைப்பு, விலை, பொத்தான் எல்லாம் அந்த ஒரே நிறம். அறையில் உட்கார்ந்து நிறச் சக்கரத்தைச் சுற்றியிருந்தால் அந்த ஆரஞ்சை மஞ்சளுக்கு உரியது என்று நம்பும் துணிச்சல் எனக்கு வந்திருக்காது.

இன்னொன்றும் அங்கேதான் கிடைத்தது. சுவரில் ஒரு கரும்பலகை. விரலி, கிழங்கு என்று இரண்டு வரிசை. குறைந்த விலை, அதிக விலை என்று இரண்டு பத்தி. கீழே வந்த மூட்டைகளின் எண்ணிக்கை. சாக்பீஸ் எழுத்து, பாதி அழித்தது. தினசரிகளில் வரும் மஞ்சள் சந்தை நிலவரமும் ஏறக்குறைய இதே அமைப்புதான். இந்த வட்டாரத்து விவசாயிக்கும் வியாபாரிக்கும் விலையைப் படிக்கும் கண் இந்தப் பலகையில் பழகியது. முகப்புப் பக்கத்தின் மேல்பகுதியை அந்தப் பலகையாகவே ஆக்கினேன்: இன்றைய விலை, விரலி, தூள், எத்தனை கிலோவுக்கு எவ்வளவு. சுழலும் படங்கள் வேண்டாம், வாழ்த்து வேண்டாம், ‘இயற்கையின் வரம்’ வேண்டாம்.

ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் செய்தியையும் மேலே பெரிதாகப் போட வேண்டும் என்று அவர் முதலில் விரும்பினார். பலகையைப் பார்த்த பிறகு, விலைக்குக் கீழே போதும் என்று அவரே இறக்கிவிட்டார்.

பவானியில் வேறு அனுபவம். ஜமக்காளம் விற்கும் குடும்பம் ஒன்றுக்காகக் குழித்தறி முன்னால் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். பவானி ஜமக்காளம் 2005-06லேயே புவிசார் குறியீடு வாங்கியது. அதன் அழகு பட்டைகளில் இருக்கிறது: சிவப்பு முடிந்த இடத்தில் பச்சை தொடங்கும், நடுவில் கலப்பு கிடையாது. குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூல், நெடுக்கே ஓடும் பாவு நூலை முழுதாக மூடிவிடுவதால் நிறம் கெட்டியாக நிற்கிறது. நெய்துகொண்டிருந்த பெரியவர் பட்டையின் அகலத்தை அளவுகோலால் அளக்கவில்லை. நான்கு விரலை வைத்துப் பார்த்தார், ஊடை நூலை ஓட்டும் நாடாவை மாற்றினார். ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு ஓட்டினார், மறுபடி நான்கு விரல்.

நான் அதுவரை வைத்திருந்த வரைவில் நிறங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து மங்கின. அப்போது காட்சிக்கூடங்களில் அதுதான் கொடிகட்டிப் பறந்தது. தறி முன்னால் அது பொய்யாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து எல்லாக் கரைசலையும் எடுத்தேன். நான்குக்கு ஒன்று என்ற விரல் கணக்கையே பக்கத்தின் பகுதிகளுக்கும் இடைவெளிகளுக்கும் வைத்தேன். பட்டையைப் படமாகப் போடவும் தேவைப்படவில்லை; நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சி.எஸ்.எஸ். மொழியில் சில வரிகள் எழுதினால் உலாவியே வரைந்துகொள்கிறது. பெரிய படம் ஒன்றை இறக்கும் சுமை குறைந்தது. ஒரே தொல்லை: மெல்லிய பட்டைகள் ஃபோனில் பக்கத்தை நகர்த்தும்போது கண் கூசும்படி நடுங்கின. அவற்றை இரண்டு மடங்கு தடிப்பாக்க வேண்டியிருந்தது. பெரியவர் பார்த்திருந்தால் தலையை ஆட்டியிருப்பார்.

நேரில் போவதைப் பற்றி இவ்வளவு உயர்வாகச் சொல்லிவிட்டேன், அதன் நோயையும் சொல்ல வேண்டும். அதற்கு மண்வாசனை என்று பெயர். ஒருமுறை ஊருக்குள் போய்வந்துவிட்டால் நம்மவர்களுக்குக் கை நிற்பதில்லை. பக்கத்தின் ஓரமெல்லாம் கோலம், மூலையில் காங்கேயம் காளை, பின்னணியில் பனை ஓலை, பொத்தான் மேல் மாவிலைத் தோரணம். மென்பொருள் கம்பெனிக்குக்கூடக் காளையை நிறுத்திய ஒரு தளத்தைப் பார்த்திருக்கிறேன். போன இடத்தில் கண்ணில் பட்ட பொருளை அப்படியே தூக்கிக்கொண்டு வருவது சுற்றுலாப் பயணியின் வேலை. மண்டியிலிருந்து நான் மஞ்சள் கொத்தின் படத்தை எடுத்து வரவில்லை; ஒரு நிறத்தையும் ஒரு பலகையின் அமைப்பையும் எடுத்து வந்தேன். இரண்டுமே பார்ப்பவருக்கு ஏதோ ஒரு வேலையைச் செய்கின்றன.

செலவும் உண்டு. ஒரு நாள் போகிறது, பஸ் டிக்கெட்டும் டீயும் நம் பையிலிருந்து. ‘வந்து பார்த்ததற்கு’ என்று பில்லில் ஒரு வரி போட்டால் நம் ஊரில் யாரும் கொடுக்க மாட்டார்கள். நான் அதை மொத்தத் தொகைக்குள் நுழைத்துவிடுகிறேன்.

எழுத்துகள், ஒரு கிளைக்கதை

மண்டியிலிருந்து திரும்பும் வழியில் பழைய கடைப் பலகை ஒன்றைப் பார்த்தேன். தகரத்தில் கையால் எழுதியது. ‘லை’யின் தலையில், பழைய எழுத்துமுறைப்படி, யானைத் துதிக்கை சுருண்டிருந்தது. பெரியார் இதே ஈரோட்டிலிருந்துதான் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். 1935இல் அவருடைய ‘குடி அரசு’ இதழ் புது எழுத்துகளில் வரத் தொடங்கியது. ணா, றா, னா, லை, னை போன்ற 13 எழுத்துகளின் மாற்றத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. அச்சுக்கோப்பவரின் பெட்டியில் அறை குறைய வேண்டும் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. எழுத்தின் உருவம் வேலைக்கு ஏற்ப மாறலாம் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம் மொழியில் தேடத் தேவையில்லை. எனக்கு அந்தத் துதிக்கை பிடிக்கும். தளத்தில் போட மாட்டேன். அது தெரிந்தவர்களுக்கு ஏக்கத்தையும் தெரியாதவர்களுக்குக் குழப்பத்தையும் தரும்.

பலகை எழுதியவரிடமிருந்து வேறொன்றைக் கற்றேன். தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் அவர் தாராளமாக இடம் விட்டிருந்தார். ‘கீ’யின் சுழி மேலே ஏறும், ‘ழு’வின் வால் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளியில் தமிழைத் திணித்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். நான் எழுத்தின் அளவைப் போல 1.7 மடங்கு வைக்கிறேன். எழுத்துருவுக்குக் கட்டுமரத்தின் பெயரைத் தாங்கிய கேட்டமரானைப் பெரும்பாலும் எடுப்பேன்; பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது, மெலிந்ததிலிருந்து தடித்ததுவரை ஒன்பது கனங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. நீண்ட வாசிப்புக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். இதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை.

இயந்திரமும் ஆயத்த அச்சும்

செயற்கை நுண்ணறிவிடம் மஞ்சள் கடைக்கு ஒரு முகப்புக் கேட்டுப் பார்த்தேன். கறுப்புப் பின்னணி, மரக்கரண்டி, கரண்டியில் குவித்த தூள், பக்கத்தில் இஞ்சியைப் போன்ற ஏதோ ஒன்று. தமிழ் என்று அது போட்ட எழுத்துகளை எந்தத் தமிழனும் படிக்க முடியாது. அடுத்த ஆண்டு இதைவிட நன்றாகச் செய்யும், சந்தேகமில்லை. அப்போதும் அது கொடுப்பது எல்லோரும் எதிர்பார்க்கும் படமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு ஒரு நல்ல பயன் உண்டு: அது முதலில் தரும் படத்தில் என்னவெல்லாம் இருக்கிறதோ, அவற்றைத் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலாக எடுத்துக்கொள்வேன்.

முன்பே செய்து வைத்த பக்க அச்சான டெம்ப்ளேட் பற்றி இரண்டே வரி. கடைக்காரர் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு செய்ய முடியாதவர் என்றால் டெம்ப்ளேட்டைப் போடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். மிச்ச நேரத்தை நல்ல படம் எடுப்பதிலும் சொற்களைத் திருத்துவதிலும் செலவிடுங்கள்.

வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்

மேலே சொன்னவற்றில் யாரும் பேசாத வழி இதுதான். மண்டிக்காரர் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் மஞ்சள் அனுப்பிக்கொண்டிருந்தார். வேலையை ஒப்புக்கொண்ட அன்றே, பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு, வாங்குகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் எனக்கு அனுப்பச் சொன்னேன். அவருடைய மகள் பொறுமையாகத் தட்டி அனுப்பினாள். ஏறக்குறைய அறுபது கேள்விகள். மாற்றி மாற்றி மூன்றே மூன்று சங்கதிகள்: இது இந்த வருடத்து மஞ்சளா? தூளில் வேறு எதுவும் கலந்திருக்கிறதா? ஒரு கிலோ மட்டும் அனுப்புவீர்களா?

பக்கத்தின் எலும்புக்கூடு அதிலேயே கிடைத்துவிட்டது. அறுவடை மாதம் ஒவ்வொரு பொட்டலத்தின் பெயருக்குப் பக்கத்திலும் வந்தது. கலப்படக் கேள்விக்கு, ஒடித்த விரலியின் படமும், விரலியாகவே வாங்கி வீட்டருகே அரைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் பதிலாயின. குறைந்த அளவு பொத்தானிலேயே எழுதப்பட்டது: ‘1 கிலோவிலிருந்து’. வடிவமைப்பாளர்கள் வழக்கமாகச் சிதைந்த லத்தீனில் ஒரு போலிப் பத்தியைக் கொட்டி இடத்தை நிரப்பிவிட்டு, சொற்கள் பிறகு வரும் என்பார்கள். சொற்கள் பிறகு வந்தால் இடம் கேட்டுச் சண்டை போடும். சென்னிமலையில் நான் பட்டது அதுதான். இப்போது உண்மையான தமிழ்ச் சொற்கள் கையில் இல்லாமல் பென்சிலைக்கூட எடுப்பதில்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், மூன்று கட்டம், அதற்குள் அந்தச் சொற்கள். கணினி நான்காவது நாள்தான் திறந்தது.

செலவும் இல்லை, பயணமும் இல்லை. ஒரு மாலை நேரம் போதும். கொங்கு நாட்டுக்கு வெளியே இருக்கும் வாடிக்கையாளர், நேரில் போக முடியாத வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை முதலில் வைப்பேன். கடை இன்னும் தொடங்கவே இல்லை, கேள்வி கேட்க ஆளே இல்லை என்றால் இந்த வழி அடைபட்டுவிடும். அப்போது அதே பொருளை விற்கும் பக்கத்துக் கடையில் அரை மணி நேரம் நின்று, வாங்க வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காதைக் கொடுக்கலாம். ஒருமுறை அப்படி நின்று கால் கிலோ கடலைமிட்டாய் வாங்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் எதை எடுப்பது

வேலையைப் பார்த்துதான். பொருளைத் தொட்டு, முகர்ந்து, ஒடித்து வாங்குகிறவர்களுக்கான கடை என்றால் வாட்ஸ்அப் முதலில், மண்டி இரண்டாவது, காட்சிக்கூடம் கடைசி. மஞ்சள், ஜமக்காளம், செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை எல்லாம் இந்த வகை. தூரத்தில் இருந்து ஒப்பிட்டு வாங்கும் நிறுவனங்களுக்கான தளம் என்றால், திருப்பூரோ கோவை பம்ப் தயாரிப்போ, போட்டியாளர் தளங்களை எண்ணுவது முதலில். தொழிற்சாலைக்குப் போவது நல்ல படம் எடுக்க மட்டும். உங்கள் சொந்த வேலைகளைக் காட்டும் தளம் என்றால் மட்டும் காட்சிக்கூடத்தில் முதலில் நுழையலாம். உங்கள் தளத்தைப் பார்க்கப் போகிறவர்களும் வடிவமைப்பாளர்களே. அந்தப் பேச்சு மொழி அவர்களுக்குப் புரியும்.

இரண்டு வழிகளுக்கு நடுவில் தடுமாறினால், திருத்துவதற்கு எது கடினமோ அதை முதலில் முடித்துவிடுங்கள் என்பது என் கட்சி. காட்சிக்கூடத்தை ஐந்தாம் நாளும் பார்க்கலாம், அது அங்கேயே இருக்கும். ஐந்தாம் நாள் மண்டிக்குப் போய், அதுவரை போட்ட நிறம் தப்பு என்று தெரிந்துகொள்வது பெரும் வலி. தெரிந்தாலும் பாதிப் பேர் மாற்ற மாட்டோம். போட்டதைக் காப்பாற்றக் காரணம் தேடுவோம். காப்பிக் கோப்பையில் குழல் வந்த கதை மறுபடி.

பதினோராம் நாள் தளத்தைக் காட்ட மறுபடி மண்டிக்குப் போனேன். அவர் ஃபோனை வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு வெளியே, வெயிலில் போய் நின்றார். நான் பயந்த இடம் அதுதான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு விரலியை எடுத்து ஒடித்து, திரையின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். “கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறதுங்க” என்றார். ஃபோனின் வெளிச்சம் பாதியில் இருந்தது. முழுதாக ஏற்றிக் கொடுத்தேன். மறுபடி பிடித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனார், விலைப்பலகையில் ஒரு நிமிடம் நின்றார், அடிவரை போய்விட்டு என்னிடம் திரும்பினார்.

“எல்லாம் சரிங்க அம்மிணி. ஃபோன் நம்பரை மட்டும் இதைவிட ரெண்டு மடங்கு பெரிதாகப் போடுங்கள்.”

போட்டுவிட்டேன்.